குப்பி வேறு, ஏரி வேறு

அன்புள்ள கயல்,

கனடாவின் கெனோரா பக்கத்து ஆய்வு ஏரிகளுக்குக் களவேலைக்குப் போகிறாய். போகுமுன் ஏரி விஞ்ஞானி டேவிட் ஷிண்ட்லர் அங்கே செய்ததைச் சரியாகத் தெரிந்துகொள். 1968இல் அந்த ஆய்வுப்பகுதி தொடங்கியபோது, ஏரிகள் பச்சையாவதற்கு பாஸ்பரஸ் காரணமா, கார்பன் காரணமா என்று பெரிய சண்டை. தங்கள் தூளில் பாஸ்பேட் இருந்ததால் சலவைத்தூள் கம்பெனிகளுக்கு கார்பன் கட்சிதான் வசதி. அந்தக் கட்சிக்குக் கைகொடுத்தது குப்பிச் சோதனை: ஏரித் தண்ணீரைக் குப்பியில் மூடிவைத்து கார்பன் சேர்த்தால் பாசி பெருகும். மூடிய குப்பிக்குள் காற்று வராதே!

227ஆம் எண் ஏரித் தண்ணீரில் கார்பன் மிகக் குறைவு. 1969இலிருந்து அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மட்டும் போட்டார்கள். ஏரி கோயில் குளம் மாதிரிப் பச்சையானது. வேண்டிய கார்பனைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொண்டது. 1973இல் 226ஆம் ஏரியின் ஒடுங்கிய இடுப்பில் பிளாஸ்டிக் திரை கட்டி இரண்டாக்கினார்கள். இருபக்கமும் சர்க்கரையாக கார்பன், நைட்ரேட்டாக நைட்ரஜன். பாஸ்பரஸ் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கம்தான் பாசி படர்ந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் நூறு அட்டவணைகளுக்குச் சமம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 223ஆம் ஏரி. 1976இலிருந்து கந்தக அமிலம் ஊற்றி, பிஎச் அளவை (குறையக் குறைய அமிலம் அதிகம்) ஏறத்தாழ 6.8இலிருந்து 5 வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். பெரிய டிரவுட் மீனை அமிலம் நேராகக் கொல்லவில்லை. பிஎச் 6ஐ ஒட்டியபோதே அதன் தீனியான குட்டி இறாலும் சிறுமீனும் அற்றுப்போக, அது பட்டினியில் எலும்பும் தோலுமானது. தொட்டியில் டிரவுட்டை மட்டும் விட்டுச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

ஆனாலும் உன் நாள் முழுக்கக் குப்பியோடுதான். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க 300 மிலி குப்பியின் அடிவரை குழாயை விட்டு நிரப்பு. இரண்டு மூன்று குப்பி அளவு வழியட்டும். மூடிக்கடியில் ஒரு குமிழி நின்றாலும் கொட்டிவிட்டு மறுபடி எடு. மாங்கனீஸ் சல்பேட் 1 மிலி, கார அயோடைடு 1 மிலி, பிப்பெட் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி விடு. படிவு பழுப்பென்றால் ஆக்சிஜன் உண்டு, வெள்ளையென்றால் இல்லை. அமிலம் விட்டுக் கரைத்த பிறகு 200 மிலியை 0.025 நார்மல் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேட் செய்; செலவான 1 மிலி, லிட்டருக்கு 1 மிகி. கரைசல் வெளுத்து வைக்கோல் நிறம் வந்தபின்தான் ஸ்டார்ச்; அது தரும் நீலம் மறைவதே முடிவு. அவசரப்பட்டு முன்னாலேயே விட்டால் அது அயோடினைப் பிடித்துக்கொள்ளும், நீலம் லேசில் போகாது, கணக்கு ஏறிவிடும். போன நீலம் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் கண்டுகொள்ளாதே.

பாஸ்பரஸ் குப்பிகளை சோப்புத்தூளில் கழுவாதே. நீ தேடுவது மைக்ரோகிராம் கணக்கு. தூளிலேயே பாஸ்பேட் இருக்கலாம். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசு.

வேலை நிரந்தரமா என்று அம்மா கேட்கிறாள். இல்லை. 2012இல் கனடா அரசே அந்த இடத்துக்குப் பணத்தை நிறுத்துவதாக அறிவித்தது. 2014இல் வேறொரு ஆய்வு நிறுவனம் ஏற்று நடத்தத் தொடங்கியது. அதனால் புள்ளியியலையும் நன்றாகப் படித்துவை, எங்கேயும் சோறு போடும்.

தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டைப் படகின் நிழல் பக்கம் இறக்கு, கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு. மறையும் ஆழம், திரும்பத் தெரியும் ஆழம், இரண்டின் சராசரி. நோட்டில் பென்சிலால் எழுது. பேனா மை நனைந்தால் ஓடிவிடும்.

அன்புடன்,
அப்பா