காற்று எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கிளம்பு

அன்புள்ள மீனா,

நேற்று போனில், "வெறும் மைனஸ் 20 டிகிரிதான் அப்பா, பழகிப்போச்சு" என்றாய். கனடாவில் உன் வின்னிபெக்கில் காற்று எப்படி என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மைனஸ் 20இல் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், உன் முகத்துக்கு அது மைனஸ் 33. தெர்மாமீட்டர் என்னவோ மைனஸ் 20லேயே நிற்கும். தோலும் ரத்தமும் உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. உடம்பு தன்னைச் சுற்றி ஒட்டினாற்போல வெதுவெதுப்பான காற்றை வைத்திருக்கும். வீசுகிற காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். உடம்பு மறுபடி சூடாக்கும், அதுவும் போகும். ஃபேனுக்கு அடியில் சோறு சீக்கிரம் ஆறுகிறதே, அந்த மாதிரி. உங்கள் வானிலை அறிக்கையில், காற்றையும் சேர்த்துக் குளிரைச் சொல்லும் இந்தக் கணக்கு 2001இல் வந்தது. டொராண்டோவில் 12 பேரைக் குளிர்காற்றுக்கு எதிரே நடக்கவிட்டு, முகத்தில் கருவி ஒட்டி அளந்தார்கள். காற்றைச் சேர்த்துச் சொல்லும் அந்த எண் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். நீ பஸ்ஸுக்கு நிற்கும் நேரம்தான்!

லடாக் மலையில் திராஸில் நான் இருந்தபோது எங்களை இரண்டிரண்டு பேராகத்தான் வெளியே விடுவார்கள். அடிக்கடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். மூக்கு நுனி, காது மடல், கன்னம், எங்காவது மெழுகு பூசினாற்போல வெளுத்திருந்தால் உடனே கூடாரத்துக்குள் போக வேண்டும். அவனவனுக்குத் தெரியாது. முதலில் சுரீரென்று எரியும், அப்புறம் எரிச்சல் நின்றுவிடும். அப்பாடா என்று இருக்கும், ஆபத்து அப்போதுதான்.

அப்படி ஆனால் தேய்க்காதே. பனியை வைத்துத் தேய்க்கச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், காதில் வாங்காதே. ஹீட்டரிலும் காட்டாதே, மரத்துப்போன தோலுக்குச் சூடு உறைக்காது, வெந்துவிடும். விரலென்றால் அக்குளில் வை, மூக்கென்றால் உள்ளங்கையால் மூடு. நிறம் திரும்பவில்லையா, ஆஸ்பத்திரிக்குப் போ.

ஸ்வெட்டர் எத்தனை போட்டாலும் மேலே காற்றுப் புகாத கோட்டு இல்லாவிட்டால் வீண். விரல் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாக இருக்கிற உறை நல்லது. அந்த நீலச் சால்வை போட்டோவுக்குச் சரி, மூக்கை மூடாது.

பஸ் ஸ்டாப்பில் உன்னோடு நிற்கும் அந்தப் பஞ்சாபிப் பெண்ணிடம் சொல்லி வை. அவள் முகத்தை நீ பார், உன் முகத்தை அவள் பார்க்கட்டும்.

அன்புடன்,
அப்பா