சுவரில் இருந்த பஸ் நேரத்தைத் திருப்பித் தாருங்கள்: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிலையத்தின் 6 நடைமேடைகளிலும் வைக்கப்பட்ட நீல நிறப் பலகைகளைப் பற்றியது இந்த மடல். திறப்பு விழாவும் நாளிதழ்ப் படமும் உங்களுக்கு நினைவிருக்கும், எனவே முன்கதை வேண்டாம். போன திங்கட்கிழமை முதல் அந்தப் பலகையில் உள்ள கியூஆர் கோடைப் போனில் காட்டினால் பஸ் நேரம் வருவதில்லை. இலவசக் காலம் முடிந்துவிட்டது, சந்தா கட்டினால்தான் கோடு வேலை செய்யும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் திறக்கிறது. கீழே பணம் கட்டும் பொத்தானும் இருக்கிறது. யார் கட்டுவது? மஞ்சப்பையோடு நிற்கும் பயணியா?

பலகை வைத்த கையோடு, சுவரில் பெயிண்டில் எழுதியிருந்த பழைய கால அட்டவணையை வெள்ளையடித்து அழித்துவிட்டார்கள். அதனால் எங்கள் கோரிக்கை இதுதான்: நேரத்தைச் சுவரில் மறுபடியும் எழுதுங்கள். கோடும் வேண்டுமென்றால், அது மாநகராட்சியின் சொந்த இணைய முகவரியில் திறக்கட்டும்.

கோடு கெட்டுப்போய்விட்டது என்று உங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்களாம். அச்சடித்த கியூஆர் கோடுக்குக் காலாவதித் தேதி கிடையாது. அது வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் எழுதிய ஒரு முகவரி. முகவரி உயிரோடு இருக்கும்வரை கோடும் இருக்கும். இங்கே நடந்தது வேறு. ஒப்பந்தக்காரர் ஏதோ ஓர் இணையதளத்தில் இலவச 'டைனமிக்' கோடு எடுத்திருக்கிறார். அந்த வகைக் கோடில் இருப்பது உங்கள் முகவரி அல்ல, அந்த இணையதளத்தின் முகவரி. போன் முதலில் அங்கே போகும், அவர்கள்தான் உங்கள் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். 14 நாளோ 30 நாளோ கழித்துத் திருப்புவதை நிறுத்திவிட்டால், ஊர் முழுக்க ஒட்டிய பலகைகளின் சாவி அவர்கள் கையில். இத்தனைக்கும் 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தின் மசாஹிரோ ஹாராவும் அவருடன் இருந்தவர்களும் கார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது இந்தக் கோடு. காப்புரிமை இருந்தும், பயன்படுத்துகிறவர்களிடம் அந்த நிறுவனம் உரிமத்தொகை கேட்கவில்லை. சும்மா கிடைப்பதை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறோம்.

புதன்கிழமை யாரோ வந்து 2, 5ஆம் நடைமேடைப் பலகைகளில் மாற்றுக் கோடு ஒட்டிவிட்டுப் போனார்கள். இது நேரடிக் கோடுதான், பாராட்டலாம். ஆனால் பத்துப் பேர் முயன்றால் ஒருவருக்குத்தான் திறக்கிறது. ஏன் என்று சொல்கிறோம், இது எங்கள் தினசரி வேலை.

மாநகராட்சித் தளத்தில் அந்தப் பக்கத்தின் முகவரியில் தமிழ்த் தலைப்பு அப்படியே இருக்கிறது. இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தாக மாறும். 'பேருந்து' என்ற நான்கெழுத்துச் சொல்லில், எழுத்தையும் அதன் துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு 8 குறிகள், ஆக 72 எழுத்து. மொத்த முகவரி 200 எழுத்தைத் தொட்டதால் கோடு ஓர் ஓரத்தில் மட்டும் 57 கட்டமாகப் பெருத்துவிட்டது. அதை 4 சென்டிமீட்டரில் அச்சடித்தால் ஒரு கட்டம் 0.7 மில்லிமீட்டர். அதே முகவரியை 26 எழுத்துக்குள் சுருக்கி, பிழை திருத்த அளவை (கோடு கொஞ்சம் சிதைந்தாலும் போன் படிக்கும்படி வைக்கும் உபரி) நடுத்தரமான 'எம்' என்று வைத்தால் 25 கட்டம் போதும், ஒவ்வொன்றும் 1.6 மில்லிமீட்டர் வரும். முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் அதே 25 கட்டத்தில் 38 எழுத்து வரை அடங்கும். முகவரியில் தளத்தின் பெயரை அடுத்த சாய்கோட்டுக்கு (/) பின்னால் வரும் பகுதியைப் பெரிய எழுத்திலும் ஏற்கும்படி சர்வரில் சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது தூரம். நின்று பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது கோடு அகலம் இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. 4 சென்டிமீட்டர் கோடை 40 சென்டிமீட்டர் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நீங்கள் ஒட்டியிருப்பது 8 அடி உயரத்தில். ஏணியும் தருவீர்களா?

படத்தை வாட்சாப்பில் அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது, கட்டங்களின் ஓரமெல்லாம் கலங்கியிருக்கிறது. எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கோப்பாகத் தந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை போகாது. நாலா பக்கமும் 4 கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். நீங்கள் சிவப்புப் பார்டரை ஒட்டியே போட்டிருக்கிறீர்கள். நடுவில் மாநகராட்சி முத்திரை வேறு. முத்திரை கட்டாயம் என்றால் பிழை திருத்தம் 'எச்' அளவில் இருக்க வேண்டும், அது 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். அதற்காக 30 சதவீதப் பரப்பை மூடலாம் என்று அர்த்தமில்லை. கறையும் கீறலும் அதே கணக்கில்தான் கழியும். கடைசியாக, பளபள லேமினேஷன். ராத்திரி டியூப் லைட் அதில் விழுந்தால் கோடு இருக்கும் இடத்தில் வெளிச்சம்தான் தெரியும். மேட் லேமினேஷன் கேளுங்கள்.

இவை எல்லாம் சரியானாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ராத்திரி 9 மணிக்கு மேல் அந்த நிலையத்துக்கு வந்து பாருங்கள். டைம் கீப்பர் அறை பூட்டியிருக்கும். ஜவுளிக்கடை வேலை முடிந்து வரும் பெண்களில் பலர் கையில் பட்டன் போன்தான். கடைசி டவுன் பஸ் போய்விட்டதா, இனிமேல்தான் வருமா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். போய்விட்டது என்று தெரிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடிப்பார்கள். தெரியாததால் 10 மணி வரை நிற்கிறார்கள், அதற்குள் ஆட்டோவும் குறைந்துவிடுகிறது. பெண்களுக்கான இலவச டவுன் பஸ் திட்டமான விடியல் பயணத்தில் மிச்சம் பிடித்த காசு ஒரே ராத்திரியில் போகிறது. முன்பு அந்தச் சுவரில் கடைசி வண்டியின் நேரம் மட்டும் சிவப்பு எழுத்தில் இருந்தது. அந்தச் சிவப்பு எழுத்துக்கு சார்ஜ் தேவைப்பட்டதில்லை.

இப்போது எதற்கெடுத்தாலும் கோடுதான். குப்பைத் தொட்டியில் கோடு, பூங்கா பெஞ்சில் கோடு, 'எங்கள் சேவை எப்படி' என்று கேட்கும் கோடு. கடைசியாகச் சொன்னது மட்டும் எப்போதும் திறக்கிறது என்பது ஒரு விந்தை. கட்டணக் கழிப்பிடத்தில் பணம் கட்டும் கோடைத் திறந்தவெளியில் ஒட்டியிருக்கிறார்கள், அதன்மேல் வேறொருவர் தன் கோடை ஒட்ட ஒரு நிமிடம் ஆகாது. அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, பணம் போகும் கணக்கின் பெயரைப் பக்கத்தில் பெரிதாக எழுதினால், போனில் வரும் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டுவார்கள்.

கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டோம், மன்னிக்கவும். கேட்பது பெரிய செலவும் அல்ல. நடைமேடைக்கு ஒரு குட்டி முகவரி, 20 சென்டிமீட்டர் கோடு, கண் மட்டத்தில், வெள்ளைப் பின்னணியில் கறுப்பில். அச்சுக்குப் போகும் முன் கேமரா கீறிய பழைய போன் ஒன்றில், இரவு வெளிச்சத்தில், பயணி நிற்கும் இடத்திலிருந்தே சோதிக்கச் சொல்லுங்கள். கோப்பை நாங்களே கூலி இல்லாமல் செய்து தருகிறோம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பாக, தயவுசெய்து, நேரத்தைச் சுவரில் எழுதுங்கள். பெயிண்டர் இல்லையென்றால் பழைய அட்டவணையை எழுதியவர் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். கடைசி வண்டிக்குச் சிவப்பு.

இப்படிக்கு,
பேருந்து நிலையக் கடைத்தெருவில் ஸ்டிக்கர், டிடிபி, பலகை வேலை செய்வோர்