பெரிதாகிவிட்டால் எங்கே கொண்டுபோய் விடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் செல்லப் பிராணிகள் பற்றி வந்த கட்டுரையில், 'ரீகப் பன்றி' (தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் குட்டிப் பன்றி) என்று விற்கப்படும் குட்டிகளுக்கும் ஒரு பந்தி ஒதுக்கியிருந்தீர்கள். படம் அழகுதான். ஆனால் 'எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டால் காப்பகங்களில் ஒப்படைக்கலாம்' என்று போகிற போக்கில் முடித்திருந்தது சரியில்லை. ரொறன்ரோவுக்கு வெளியே உள்ள அப்படியான ஒரு காப்பகத்தில் சனிக்கிழமைகளில் தொண்டு வேலை செய்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெரிதாகுமா என்ற சந்தேகமே வேண்டாம், ஆகும். ரீகப், மைக்ரோ என்று தனியாக ஒரு பன்றி இனமே கிடையாது. விற்கப்படுபவை பெரும்பாலும் வியட்நாமியத் தொப்பைப் பன்றியின் குட்டிகள், அல்லது அதன் கலப்புகள். வளர்ந்து முடிய மூன்று நான்கு வருடங்கள் எடுக்கும். எடை சாதாரணமாக 50 கிலோவைத் தாண்டும். விற்பவர் தாயையும் தகப்பனையும் காட்டி, "பாருங்கோ, இவ்வளவுதான் வளரும்" என்பார். பன்றி சில மாத வயதிலேயே சினைப்படக் கூடியது. நீங்கள் பார்க்கும் அந்தத் தாயே வளர்ந்து முடியாத குட்டியாக இருக்கலாம். தீனியைக் குறைத்துப் போடுங்கள், சின்னதாகவே இருக்கும் என்று சொல்லி அனுப்புகிறவர்களும் உண்டு. அதைப் பட்டினி போடுவது என்றுதான் நான் சொல்வேன்.

நம் ஒன்ராறியோ மாகாணத்தில் பலரும் அறிந்த எஸ்தர் என்ற பன்றியையே எடுங்கள். 2012இல் இரண்டு பேர் மைக்ரோ பன்றி என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தக் குட்டி உண்மையில் பண்ணைப் பன்றி. 300 கிலோவை நெருங்கும் அளவுக்கு வளர்ந்தது. அவர்கள் அதைக் கைவிடவில்லை. 2014இல் பொதுமக்களிடம் நிதி சேர்த்துக் கம்பல்வில் என்ற ஊரில் பண்ணை வாங்கிக் காப்பகம் தொடங்கினார்கள். எஸ்தர் 2023 வரை வாழ்ந்தது. ஒரு பன்றிக்காக வீடு மாறிப் பண்ணை வாங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ரொறன்ரோவில் இன்னொரு சிக்கல். நகருக்குள் பன்றி வளர்ப்பதை மாநகரசபைச் சட்டமே தடுக்கிறது. அயலவர் ஒருவர் முறைப்பாடு செய்தால் போதும், உடனே இடம் தேட வேண்டியதுதான். அப்போதுதான் காப்பகத்துத் தொலைபேசி அடிக்கும். இடம் இல்லை என்றால் மறுமுனையில் கோபம் வருகிறது, சிலர் அழுகிறார்கள். பன்றி 15 வருடங்கள், சில இன்னும் கூட, உயிர்வாழும். உள்ளே வந்தது அவ்வளவு காலமும் அங்கேதான் இருக்கும். இடம் எப்படிக் காலியாகும்?

இடம் இருந்தாலும் புதிதாக வந்ததை அப்படியே கூட்டத்தில் விட முடியாது. யார் பெரியவர் என்ற சண்டை பன்றிகளிடையே பொல்லாதது. காது கிழிந்து இரத்தம் வரும். அதனால் கம்பி வேலிக்கு இரு பக்கமும் விட்டு, கிழமைக் கணக்கில் மணம் பிடித்துப் பழக வைத்த பிறகே சேர்ப்போம். அதுவரை அதற்குத் தனிக் கொட்டில், தனித் தண்ணீர். சோபாவில் படுத்து வளர்ந்தது வேறு பன்றியையே கண்டிருக்காது. முதல் நாட்களில் தீனியைத் தொடாமல், வந்த கார் திரும்பி வருமா என்று பார்ப்பது போலப் படலையடியிலேயே நிற்கும்.

அதன் பிறகு கருத்தடை. பெண் பன்றிகளுக்கு இதைச் செய்யாமல் விட்டால் வயது போகப் போகக் கருப்பையில் கட்டி வரும் வாய்ப்பு அதிகம். பன்றிக்கு மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்த, கொடுக்கச் சம்மதிக்கிற மிருக வைத்தியரைத் தேடுவதே தனி வேலை. குளம்பு வெட்டுவது மட்டும் கொஞ்சம் சுகம்: ஒருவர் வயிற்றைத் தடவிக் கொடுத்தால் பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்துவிடும், மற்றவர் மளமளவென்று வெட்டி முடித்துவிடலாம். தடவுகிற கை நின்றால் எழும்பிவிடும்.

பனிக்காலத்தில் செலவெல்லாம் வைக்கோலுக்கும் மின்சாரத்துக்கும் போகிறது. தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி பிடிக்க விடக் கூடாது. நீண்ட நேரம் தண்ணீர் குடிக்காத பன்றிக்கு உடம்பில் உப்பு ஏறி வலிப்பு வரும், சாகவும் கூடும்.

நம்மவர்கள் நல்ல மனதோடு கேட்பார்கள்: "மண்டபத்தில மிஞ்சின சாப்பாட்டைக் கொண்டு வரட்டே?" தயவுசெய்து வேண்டாம். இறைச்சி சேர்ந்த மிச்சச் சாப்பாட்டைப் பன்றிக்குப் போடுவது கனடாவில் சட்டவிரோதம். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போன்ற நோய்கள் அந்த வழியாகவும் பரவும். காட்டோரம் அவிழ்த்து விடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஒன்ராறியோவில் 2022இலிருந்து அதுவும் தடை.

வளர்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். அனுமதி இருந்தால், இணையத்தில் குட்டி வாங்காமல், காப்பகத்தில் கருத்தடை செய்து காத்திருக்கும் வளர்ந்த பன்றியைக் கேளுங்கள். அதன் அளவும் குணமும் கண்முன்னே தெரியும். காப்பகங்களில் ஒப்படைக்கலாம் என்ற அந்த வரியை அடுத்த இதழில் திருத்திப் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். ஹலோவீன் முடிந்ததும் வாசலில் மிஞ்சும் பூசணிக்காய்களைக் காப்பகங்களுக்குக் கொடுக்கலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். மெழுகும் வர்ணமும் படாததாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
ஸ்காபரோ