கோபத்தையும் ஜெபத்தில் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோத்தகிரியில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். பச்சைத் தேயிலை விலை இறங்கி வீட்டில் சண்டை நடந்தாலும், எங்கள் பிள்ளைகள் ஜெபத்தில் "ஸ்தோத்திரம்" என்று துதி மட்டும்தான் சொல்வார்கள். பெரியவர்கள் பழக்கியது அப்படி. ஆனால் பைபிளிலுள்ள ஜெபப் பாடல்களில் ஒன்றான 13ஆம் சங்கீதத்தில் தாவீது ராஜா இரண்டே வசனங்களில் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது; அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லையே! இவற்றைப் படித்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி, கடவுள்மேல் இருந்த கோபத்தை அப்படியே நோட்டில் எழுதி ஜெபித்தாள். தேயிலை விலை ஏறவில்லை, சரி. அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாதவள் இப்போது பேசுகிறாள். மலையிலுள்ள மற்ற சபைகளும் வாலிபர் கூட்டத்தில் பிரசங்கத்தைக் கொஞ்சம் குறைத்து, பிள்ளைகளைப் பேச விடலாம்.

– ஞாயிறு பள்ளி ஆசிரியை, கோத்தகிரி