ஆளுக்கொரு கப்கேக்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே நீ, அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் வேலையைப் பெரியவனிடம் ஒப்படைத்திருப்பதாக எழுதியிருந்தாய். நேரத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வேளைக்கும் கோடு போடச் சொல். அம்மாவைக் கேட்டால் "விட்டாயிற்று" என்றுதான் சொல்வார்.

கப்கேக் விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு நான் செய்த கப்கேக்கின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது தின்பதற்கா, கொலுவில் வைப்பதற்கா?" என்று கேட்டிருந்தாய். தின்பதற்குத்தான். பங்குனியில் வரும் பிறந்தநாளுக்கு அதே மாதிரி வேண்டும் என்று சின்னவள் அடம்பிடிக்கிறாளாமே! போனில் சொல்லலாம் என்றால் இங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. நீ அடுப்படியை ஒழித்துவிட்டு உட்காரும்போது எனக்கு நடுநிசி. கடிதம் என்றால் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்யலாம்.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் எங்கள் மாடித்தளம். எதிர்வீட்டில் மலாய்க் குடும்பம். பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி, மகன் மருமகளோடு. மூலை வீட்டில் நான்கு தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருக்கும் நம்மவர்கள். அந்த அம்மா சுத்த சைவம். இந்த ஊரில் பண்டிகை என்றால் "திறந்த இல்ல உபசரிப்பு" உண்டு. கதவைத் திறந்துவைத்து, இன்னார் என்று பாராமல் வருபவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுகிறார்கள். நம் தீபாவளிக்கு அவர்கள் வருவார்கள், நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாம் போக வேண்டும். வெறுங்கையோடு எப்படிப் போவது?

போவதில் சிரமமில்லை, கொண்டுபோவதில்தான் கணக்கு. எதிர்வீட்டு அக்காவுக்கு எல்லாம் ஹலாலாக இருக்க வேண்டும். நம் வீட்டில் பன்றி இறைச்சி நுழைவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் விஷயம் இறைச்சியோடு முடிவதில்லை. சில வெனிலா எசென்சில் ஆல்கஹால் இருக்கிறது. ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஜாக்கிம் என்ற அரசுத் துறையின் ஹலால் முத்திரை உறைமேல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குவது எனக்கே பழக்கமாகிவிட்டது. மூலை வீட்டு அம்மாவுக்கு முட்டை ஆகாது. தைப்பூச விரத நாள்களில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. இன்னொன்று கேள்: கடையில் விற்கும் சில சிவப்புச் சாயங்கள் ஒருவகைப் பூச்சியை உலர்த்திப் பொடித்து எடுப்பவை. உறையில் 120 என்ற எண் இருந்தால் அதுதான். சைவக்காரருக்கு முட்டையில்லாத கேக் செய்து, மேலே பூச்சியைத் தூவிக் கொடுத்தால் எப்படி இருக்கும்!

சீனப் பாட்டியின் கணக்கு நிலாவைப் பார்த்து நடக்கிறது. அவர்கள் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர் சைவம். ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசத் தெய்வங்களுக்கான விழா வரும்போது ஒன்பது நாளும் சைவம்தான். அப்போது பினாங்கில் சைவச் சாப்பாட்டுக் கடைகள் மஞ்சள் கொடி கட்டியிருப்பதைப் பார்க்கலாம். புத்தாண்டுக்குச் சிவப்பு, பொன்னிறம், ஆரஞ்சு எல்லாம் சரி. வெள்ளை மட்டும் கூடாது, அது அவர்களுக்குத் துக்க நிறம்.

முழுக் கேக்கை இத்தனை பேருக்கு எப்படி வெட்டுவது? கப்கேக்கில் அந்தச் சிக்கலே இல்லை. ஒரே நாளில் முட்டை போட்டது ஒரு தட்டு, போடாதது ஒரு தட்டு சுட்டுவிடலாம். முட்டையில்லாததைப் பச்சைக் காகிதக் கப்பிலும், முட்டை போட்டதை மஞ்சள் காகிதக் கப்பிலும் வார்க்கிறேன். மேலே என்ன நிறம் இருந்தாலும் அடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். தளத்துப் பிள்ளைகளுக்குக்கூட இது பாடமாகிவிட்டது.

இனி உனக்கான செய்முறை. முட்டையில்லாததையே எழுதுகிறேன், அம்மாவும் சாப்பிட வேண்டுமல்லவா? ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சீனியைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்த்து ஐந்து நிமிடம் விடு. நுரைத்துக்கொண்டு வரும். அதில் அரைக் கப் எண்ணெய், வாசனைக்குக் கொஞ்சம் வெனிலா. பிறகு ஒன்றரைக் கப் மைதாவைச் சலித்துப் போட்டு, மாவு மறையும்வரை மட்டும் கலக்கு. தோசை மாவு கரைப்பது போல அடித்துக் கலக்காதே, ரப்பராகிவிடும். கப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் ஊற்ற வேண்டும். ஓவனில் 180 பாகையில் இருபது நிமிடம். பல்குத்தும் குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது.

இதற்காக நீ ஓவன் வாங்க வேண்டாம். பெரிய குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, ரப்பர் வளையமும் வெயிட்டும் இல்லாமல் மூடிப் பத்து நிமிடம் சூடாக்கு. பிறகு சின்ன எவர்சில்வர் கிண்ணங்களுக்குள் காகிதக் கப்பை வைத்து மாவை ஊற்றி இறக்கு. தணிந்த தீயில் அரைமணி நேரம் போல ஆகும். தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றாதே.

மேலே வைக்கும் கிரீமில்தான் எல்லாச் சண்டையும். பினாங்கு பூமத்திய ரேகைக்கு 5 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 பாகை வெயில், காற்றில் எந்நேரமும் ஈரம். வெண்ணெயோ 32 பாகையைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும், அதற்கு வெகு முன்பே தொய்ந்துவிடும். காலையில் ரோஜாவாக நிற்பது மத்தியானம் வழிந்துவிடுகிறது. குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால் கிரீம்மேல் வியர்வை கோத்துச் சாயம் கசிகிறது. அதனால் இங்கே பலர் வெண்ணெயில் பாதியைக் குறைத்து, பாமாயிலில் செய்த வெள்ளைக் கெட்டிக் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். நம் ஊர் வனஸ்பதியின் தம்பிதான் அது. கிரீம் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் வாயின் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒட்டும். எனக்குப் பிடிக்காது. இரவில், வெயில் தணிந்தபின் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு வெண்ணெயிலேயே அடித்துவிடுகிறேன். உங்கள் பங்குனி வெயிலுக்கு நீ விடியற்காலையில் அடித்து, விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தபிறகு மேலே பிழி.

இன்னொரு குறையும் உண்டு. வழக்கமான கிரீமில் வெண்ணெயைப் போல இரண்டு மடங்கு சீனிப் பொடி போகிறது. கேக்கைவிட உயரமாக அதைக் கோபுரம் கட்டி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பிள்ளைகள் மேலே இருப்பதை நக்கிவிட்டு அடியில் இருப்பதைத் தட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். உனக்கு வேறு வழி சொல்கிறேன். ஒரு கப் பாலில் ஐந்து மேசைக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கப் சீனியும் போட்டுக் கூழாகக் காய்ச்சு. முழுக்க ஆறவிடு, அவசரப்பட்டால் வெண்ணெய் உருகிவிடும். 225 கிராம் உப்பில்லாத வெண்ணெயைத் தனியாக வெளுக்கும்வரை அடித்து, கூழைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து அடி. பஞ்சு போல வரும், இனிப்பும் திகட்டாது. கடையில் விற்கும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு இருக்கும், பார்த்து வாங்கு. எருமைப்பால் வெண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது; அது இயல்பிலேயே வெள்ளை, நிறம் சுத்தமாக ஏறும். மோரை மட்டும் நன்றாகப் பிழிந்து எடுத்துவிடு.

நிறத்துக்குக் கடைக்கு ஓடாதே. கொல்லைப்புற வேலியில் ஏறிக் கிடக்கிறதே சங்குப்பூ, அதைத்தான் இங்கே நீலத்துக்கு எடுக்கிறார்கள். புலுட் தாய் தாய் என்று ஒரு பலகாரம், ஒட்டரிசியை வேகவைத்து அங்கங்கே நீலம் ஏற்றியிருப்பார்கள், தேங்காய்ப்பால் ஜாம் தொட்டுத் தின்ன வேண்டும். அந்த நீலம் நாம் சிவனுக்குப் பறிக்கும் பூவேதான்! காய்ந்த பூவைக் கூழுக்கான சூடான பாலில் ஊறப்போட்டு வடித்தால் வெளிர் நீலம் கிடைக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாவாக மாறும். பாலில் சாறு ஊற்றிவிடாதே, திரிந்துவிடும். ஊதா வேண்டுமென்றால் பூவைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்து, சாறு சேர்த்து, முடிந்த கிரீமில் சில சொட்டு மட்டும் விடு. பச்சைக்கு இங்கே பாண்டான் இலையை அரைத்துப் பிழிகிறார்கள், ஆச்சி வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் ரம்பை இலைதான். பீட்ரூட்டைப் பிழிந்து சுண்டக் காய்ச்சினால் ரோஜா நிறம். மஞ்சள் பொடியை ஒரு சிட்டிகை கிரீமில் போடலாம். மாவில் போட்டால் சோடாவோடு சேர்ந்து செம்மண் நிறமாகிவிடும்.

அடர் சிவப்புக்கு மட்டும் ஆசைப்படாதே. ஜெல் சாயம் நிறையப் போட்டால்தான் அந்த நிறம் வரும், வாயில் கசக்கும். ரோஜா நிறத்தில் கலந்து இரவு முழுக்க மூடி வைத்தால் தானாகவே கொஞ்சம் அடர்ந்திருக்கும். தண்ணீராக இருக்கும் சாயம் வேண்டவே வேண்டாம், கிரீம் பிரிந்துவிடும்.

பிழிவதற்கு உனக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. முள்ளு முறுக்கு அச்சின் நட்சத்திரக் கண்ணும் கிரீம் பிழியும் இந்தப் பைப்பிங் பையின் முனையும் ஒரே குடும்பம்தான். முறுக்குக்கு நீ உள்ளிருந்து வெளியே சுற்றுவாய். இதற்கு வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே சுற்றி மேலே ஏற வேண்டும். நடுவில் தொடங்கி வெளியே சுற்றினால் ரோஜாப்பூ.

இங்கே எதற்கெல்லாம் செய்கிறேன் தெரியுமா? மே 16 மலேசியாவில் ஆசிரியர் தினம். பையனின் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு பெட்டி போகும். எதிர்வீட்டுக்குப் பெருநாளுக்குப் பச்சை நிறத்தில், நோன்பு மாதத்தில் என்றால் பொழுது சாயும் நேரத்தில். தைப்பூசத்துக்கு மட்டும் இதைத் தொடுவதில்லை. நம் பக்கத்து நகரத்தாரின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் சீனர்களும் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைக்கிறார்கள். பந்தலில் மோரும் சோறும் கொடுக்கிறார்கள். அங்கே போய் நீலக் கிரீம் நீட்டினால் நன்றாகவா இருக்கும்?

விற்கலாமே என்று மூலை வீட்டு அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். என் விசாவில் சம்பாதிக்க அனுமதி இல்லை. அதனால் காசு வருவதில்லை, ஆனால் தட்டு ஒருநாளும் காலியாகத் திரும்புவதில்லை. பெருநாளன்று எதிர்வீட்டில் மாட்டிறைச்சி ரெண்டாங் கொதிக்கும், தேங்காய்ப்பாலில் சுண்டவைக்கும் கறி அது. நமக்கென்று தனிச் சட்டியில் கோழி ரெண்டாங் செய்து, ஓலைப் பின்னலில் வேகவைத்த கெத்துப்பாட் சோற்றோடு கொடுத்தனுப்புவார் அந்த அக்கா. சீனப் பாட்டியின் பேரனுக்கு ஒரு மாதம் நிறைந்தபோது ஒரு பெட்டி வந்தது. திறந்தால் மஞ்சள் போட்ட ஒட்டரிசிச் சோறு, கோழிக்கறி, சிவப்புச் சாயம் தோய்த்த முட்டை, ஆமை ஓட்டு வடிவத்தில் சிவப்புப் பலகாரம்! நம் வீட்டு மஞ்சள் சோற்றைச் சீனர் பெட்டியில் பார்த்ததும் என் வீட்டுக்காரர் வாயடைத்துப் போனார். பாட்டிக்குத் தமிழ் வராது, எனக்கு ஹொக்கியன் வராது. அரைகுறை மலாயில் சீனி கூடிவிட்டது, சீனி குறைந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறோம். கூடிவிட்டது என்பதுதான் பெரும்பாலும் தீர்ப்பு.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் காரைக்குடி வருகிறார். அவரிடம் பச்சைக் காகிதக் கப் ஒரு கட்டு, இரண்டு பிழியும் முனை, பைப்பிங் பை, சின்னவளுக்கு ஒரு கவுன் கொடுத்தனுப்புகிறேன். அத்தானைப் பஸ் நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள்ளச் சொல். அந்தத் தம்பி திரும்பி வரும்போது ஆச்சி கடைச் சீப்புச் சீடை அரைக் கிலோவும், அம்மா இடித்த பருப்புப் பொடியும் கொடுத்துவிடு. பொடியை இரண்டு உறை போட்டுக் கட்டு. போன முறை பெட்டி முழுக்க மணத்துக்கொண்டு வந்தது என்று சொன்னார்கள்.

மெழுகுவத்தியை ஊத விடாதே என்று அத்தான் சொல்வார். சொல்லட்டும், ஒன்றே ஒன்றைத் தனிக் கப்கேக்கில் குத்திக் கொடு. அவள் ஊதியது அவளுக்கு, மற்றதெல்லாம் மற்றவர்களுக்கு.

அன்புத் தங்கை