குழந்தை பையை கேட்ல புடுங்காதீங்க: விமான நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

விமான நிறுவன நிர்வாகத்துக்கு வணக்கம்.

ஃபிளைட்ல ஏறுற கேட்ல, குழந்தை சாமான் இருந்த என் கைப்பையைப் புடுங்கி கீழ லக்கேஜோட போட்டுட்டீங்க. அந்தப் புகார் உங்ககிட்ட இருக்கு, நடந்தது எல்லாமே உங்களுக்குத் தெரியும். மூணு மெயில் போட்டேன், மூணுக்கும் "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்"னு ஒரே பதில்தான் வந்துச்சு, அதான் இப்ப நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுறேன். நஷ்ட ஈடு கேக்கல. சின்னக் குழந்தையோட வர்றவங்கள முதல்ல ஏத்துங்க, குழந்தை சாமான் இருக்குற பையை எங்ககிட்டயே விட்டுடுங்க. இது ரெண்டுதான் கேக்குறேன்.

என் பொண்ணுக்கு 20 மாசம். நடந்து ஓடி எல்லாத்து மேலயும் ஏறிப் பாக்குற வயசு. வீட்டுக்காரர் முன்னாடியே கிளம்பிட்டாரு, மன்னார்குடில அம்மா வீட்டுல இருந்து நானும் பாப்பாவும் மட்டும் சிகாகோ திரும்புறோம், சென்னைல ஏறி வளைகுடால மாறி அங்கேருந்து 14 மணி நேரத்துக்கு மேல ஒரே ஃபிளைட், ரெண்டு வயசுக்குள்ளன்னு மடியிலதான் வச்சுக்கணும், பாசினெட்டுன்னு ஃபிளைட்ல குடுக்குற குட்டித் தொட்டில்லயும் அவ அடங்க மாட்டா. இத நெனச்சு நெனச்சு நானும் அம்மாவும் ஒரு வாரம் உக்காந்து பொட்டலம் கட்டினோம். தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாளையெல்லாம் அம்மா சேத்து வச்சிருப்பாங்க, அதுல ஒவ்வொண்ணா சுத்தி, மணிக்கு ஒண்ணுன்னு 14 பொட்டலம். மரச் சொப்புல ஒரு அடுப்பு ஒரு சட்டி, தண்ணி தொட்டுத் தேச்சா கலர் வர்ற புக்கு, ஒட்டி ஒட்டி எடுக்குற ஸ்டிக்கர், பழைய வளையல் பத்து, அத கோக்க ஒரு ஷூ லேஸ். இந்த வயசுக்கு விலை கூடுன பொம்மையெல்லாம் தேவையில்ல, இதுவரைக்கும் பாக்காததா இருந்தா போதும், பிரிக்கிறதுலயே அஞ்சு நிமிஷம் போயிடும். அதோட மாத்துத் துணி, பொரி, பால் சிப்பர். மொத்தம் 6 கிலோ, நீங்க சொன்ன 7 கிலோக்குள்ளதான்.

சென்னைல இருந்து வளைகுடா போற வரைக்கும் ராத்திரிங்கறதால பாப்பா நல்லா தூங்கிட்டா, ஒரு பொட்டலம் கூட பிரிக்கல, எல்லாம் பெரிய ஃபிளைட்டுக்கு மிச்சம்னு சந்தோஷமா இருந்தேன். அடுத்த கேட்ல குழந்தையோட வர்றவங்க முன்னாடி வாங்கன்னு யாரும் கூப்பிடல. அடிக்கடி பறக்குறவங்களுக்கான கார்டு வச்சிருக்கவங்க போனாங்க, அப்புறம் சோன் வாரியா, அதாவது டிக்கெட்ல போட்டிருக்குற குழு வாரியா போனாங்க, எங்க சோன் கடைசி. எங்க முறை வந்தப்போ மேல பை வைக்க இடம் இல்ல, உங்க பையை கீழ லக்கேஜோட போடணும்னு சொல்லிட்டாங்க. குழந்தை சாமான்மா, இது இல்லாம முடியாதும்மான்னு கெஞ்சினேன். பவர் பேங்க் இருந்தா வெளிய எடுத்துடுங்கன்னு மட்டும் மறக்காம கேட்டாங்க. அது சரி, லித்தியம் பேட்டரி கீழ போகக் கூடாது, அது பாதுகாப்பு விதி, நானும் எடுத்துட்டேன். அந்த ஒரு கேள்விக்கு நேரம் இருந்த எடத்துல "குழந்தைக்கு வேண்டியத எடுத்துக்கோங்க, ரெண்டு நிமிஷம் நிக்கிறோம்"னு சொல்ல நேரம் இல்லையா? ஒரு கையில அவளப் புடிச்சுக்கிட்டு தரையில குந்தி நாலு டயப்பரும் வைப்ஸும் எடுக்குறதுக்குள்ள டேக் போட்டு இழுத்துட்டாங்க.

அந்த 14 மணி நேரத்த நான் எப்படித் தள்ளினேன்னு உங்க ரிப்போர்ட்ல இருக்காது. முதல் ஒரு மணி நேரம் சீட் பெல்ட் பக்கிள், அதுக்கப்புறம் வாந்தி கவர்ல பேனாவால கண்ணு மூக்கு வரைஞ்சு ஒரு பூனை. ஃபோனைக் குடுத்துட வேண்டியதுதானன்னு பக்கத்து சீட்காரர் சொன்னாரு. ரெண்டு வயசு ஆகாத குழந்தைக்கு ஸ்கிரீனே வேண்டாம்னு 2019லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியாச்சு, இருந்தும் அன்னிக்கு குடுத்தேன், இருவது நிமிஷம் பாத்துட்டு தூக்கிப் போட்டுட்டா, அவளுக்கு கையும் காலும் ஆடணும். உங்க பணிப்பெண் ஒருத்தங்க, அவங்களுக்கு கோடி புண்ணியம், பேப்பர் கப்ல ஓட்டை போட்டு காபி கலக்குற குச்சி ஒரு கட்டு குடுத்தாங்க, ஒவ்வொண்ணா சொருகி ஒவ்வொண்ணா உருவி முக்கா மணி நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஜூஸக் கொட்டிக்கிட்டா, மாத்துத் துணி கீழ, மிச்ச ஆறு மணி நேரமும் உங்க போர்வையச் சுத்திக்கிட்டே கெடந்தா. எறங்கும்போதுதான் என்னால தாங்க முடியல. காது அடைக்கும், எதையாவது முழுங்கினாத்தான் விடும், அதுக்குன்னே கொண்டு வந்த சிப்பரும் கீழ இருக்கு, கப்ல குடுத்தா துப்புறா, காதப் பிடிச்சுக்கிட்டு தரை தட்டுற வரைக்கும் கதறினா. சுத்தி இருந்தவங்க எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க.

சிகாகோல பெல்ட்ல பை வந்துச்சு. அங்கயே தரையில உக்காந்து வளையல் பொட்டலத்தப் பிரிச்சா. ஒவ்வொண்ணா லேஸ்ல கோத்துக்கிட்டு அவ்ளோ அமைதியா இருந்தா, நான் நின்னு அழுதேன்.

குழந்தையோட வர்றவங்கன்னா உங்களுக்கு கடைசிதான்னு தோணுது. சென்னைல எங்ககிட்ட இருந்து வாங்கி வச்ச குழந்தை தள்ளுவண்டிய நடுவுல ஃபிளைட் மாறுறப்போ குடுக்க மாட்டீங்க, அந்த ராத்திரில அவ்ளோ பெரிய ஏர்போர்ட்ல தூக்கிக்கிட்டே நடக்கணும். பக்கத்து சீட்டுக்கு தனிக் காசு, குழந்தை அழுதா எங்களுக்கு வசவு. சரி, இத இப்ப விடுறேன், கேக்க வந்தது வேற.

2024 ஏப்ரல்ல இந்தியாவுல விமானப் போக்குவரத்த கண்காணிக்கிற டிஜிசிஏ, 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு அதே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல வர்ற அப்பா அம்மால ஒருத்தர் பக்கத்துலயாவது சீட் குடுக்கணும்னு சொல்லிச்சு. சீட்டுக்கு அப்படி ஒண்ணு கொண்டு வர முடிஞ்சுதுன்னா, பைக்கு யாரும் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே கொண்டு வரலாம், செலவும் இல்ல. குழந்தையோட இருக்கவங்கள சோன் பாக்காம முதல்ல ஏத்துங்க. இடமே இல்லன்னாலும் குழந்தை பைக்கு டேக் போடாதீங்க, வேற ஒரு பெரியவங்க பெட்டி கீழ போகட்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றோம். அப்போ அவளுக்கு ரெண்டு வயசு ஆயிருக்கும், தனி சீட்டுக்கு காசு கட்டி உங்ககிட்டதான் டிக்கெட் எடுத்திருக்கேன். அதுக்குள்ள கேட்ல நிக்கிறவங்களுக்கு இத எழுத்துல அனுப்பிடுங்க, தயவு செஞ்சு. அனுப்புனதும் எனக்கும் ஒரு வரி போடுங்க, அம்மா திரும்பவும் காலண்டர் தாள் சேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

இப்படிக்கு,
உங்க ஃபிளைட்ல வந்த ஒரு அம்மா