அப்பாவுக்கு, மிஷின் தாளம் பற்றி

மான்செஸ்டர்
25.9.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? ஐந்தாம் தேதி பணம் அனுப்பினேன், கைக்கு வந்ததும் ஒரு வரி போடுங்கள். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ரொட்டி ஆலையில் எனக்கு இன்னும் இரவு ஷிப்ட்தான்.

நான் கேட்கும் ஆட்டப் பாட்டுகளில் தாளத்தை ஆள் அடிப்பதில்லை, மிஷின்தான் அடிக்கிறது. தவில்காரரான நீங்கள், 'மிஷின் அடிக்கிற தாளத்துக்கு உயிர் ஏது?' என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதத்தான் இன்று தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆலையில் விடியும்வரை ரேடியோ ஓடும். ஒரு வருடமாக அதில் எம் பீப்பிள் குழுவின் பாட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த ஊர் ஆட்டப் பாட்டுக் குழு. 1993 அக்டோபரில் வந்த அவர்களுடைய 'எலிகன்ட் ஸ்லம்மிங்' ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம்வரை ஏறியது. இந்த மாதம், வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கு இங்கே கொடுக்கும் மெர்க்குரி பரிசும் வாங்கிவிட்டது. ப்ளர், பல்ப் போன்ற கிட்டார் குழுக்களை விட்டுவிட்டு ஆட்டப் பாட்டுக்குப் பரிசா என்று பலருக்குக் கோபம். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகப் படவில்லை. சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது சபா கச்சேரியைவிட மட்டம் என்று யாராவது சொன்னால் நீங்கள் விடுவீர்களா?

குழுவை ஆரம்பித்த மைக் பிக்கரிங், இங்கே ஹசியெண்டா என்ற கிளப்பில் வருடக்கணக்கில் டிஜேயாக இருந்தவர். சிகாகோவில் பிறந்த ஹவுஸ் என்ற ஆட்ட இசையை இந்த ஊருக்குப் பழக்கியவர்களில் ஒருவர். அதன் தாளம் எளிது. நாலு அடி, நாலும் சமம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 120. மிஷின்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகம் கூடி ஓடாது, குறைந்து தேங்காது. 'காலம் ஓடுதுடா' என்று என் தலையில் குட்டுவீர்களே, அந்தக் குறை இதில் கிடையாது.

அப்புறம் அந்தத் தாளத்தின் மேல் ஹெதர் ஸ்மால் பாடுகிறார். கனமான குரல், நாபியிலிருந்து வருகிறது. கீழே தாளம் அசையாமல் நிற்பதால் அவர் சொல்லை இழுக்கிறார், தாமதிக்கிறார், ஆனாலும் சரியான இடத்தில் வந்து சேர்கிறார். உயிர் அங்கேதான் இருக்கிறது அப்பா. 'மூவிங் ஆன் அப்' பாட்டில், ஏமாற்றியவனை மூட்டை கட்டச் சொல்கிறார். அழுகையே இல்லை. அதில் சாக்ஸபோனும் வரும், கத்ரி கோபால்நாத் வாசித்து நீங்கள் ரசித்த அதே வாத்தியம். விடியற்காலை நாலு மணிக்கு ரொட்டித் தட்டுகளை இழுக்கும்போது இந்தப் பாட்டு வந்தால், என் பக்கத்தில் நிற்கும் ஜமைக்கா அம்மாள், எதிரே பஞ்சாபிக்காரர், நான், எல்லோர் தோளும் ஒரே கணக்கில் அசையும். அந்த நேரத்தில் கால்வலி தெரியாது.

தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்தபோது இன்னொன்று கவனித்தேன். மிஷின் ஓட ஓட, ஷோவெல் என்பவர் பக்கத்தில் நின்று கையால் தோல் வாத்தியம் அடிக்கிறார். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வரும் நண்பரிடம் கேசட் கொடுத்தனுப்புகிறேன். தம்பியின் டேப் ரிக்கார்டரில் போட்டு, தவிலை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்த நாலு அடிக்கு நடுவில் உங்கள் கைக்கு நிறைய இடம் இருக்கிறது. எப்படி இருந்தது என்று மறைக்காமல் எழுதுங்கள். அம்மாவின் முட்டிவலி பற்றியும்.

உங்கள் மகன்